கழற்றாத ஈயம்

லேடி பேரன், ஃபிளிண்டர்ஸ் தீவு
21 ஏப்ரல் 1996

வெர்னா அக்காவுக்கு,

இந்தப் பெட்டிக்குள் என் வெட்சூட், கடலில் முங்கப் போடும் ரப்பர் உடுப்பு, இருக்கிறது. வலது முழங்கால் கிழிந்திருக்கிறது. அக்குளில் ஒட்டு விட்டிருக்கிறது. நெஞ்சில் ஒரு ஓட்டை. அது எப்படி வந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்டர் அன்று என் வீட்டுக்கு வந்து, என் மீனைத் தின்றுவிட்டு, பாதித் தீவு கூடி நிற்கும்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் உடுப்பை இழுத்து, அதன் நெஞ்சில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி மறுபக்கம் வரவழைத்துக் காட்டியவள் நீ. "பாத்துக்கங்க, இதை மாட்டிக்கிட்டுத்தான் என் தம்பி மீன் குத்தப் போறான். இதுக்குப் பாத்திரம் தேய்க்கிற துணியைச் சுத்திக்கிட்டுப் போலாம்" என்றாய். என்னோடு படகில் வரும் டட்லி அன்று சிரிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. பால் வாங்கப் போனால் கடைக்காரி, "என்ன கிளெம், துணி காஞ்சிருச்சா?" என்கிறாள்.

அந்த உடுப்பு என் கல்யாணத்துக்கு நீயே வெட்டி ஒட்டிக் கொடுத்தது. பதினோரு வருஷமாக வேறெதையும் நான் போட்டதில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

இந்தத் தீவில் ரப்பருக்குப் பசை போடத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் உனக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன். ஒட்டி அனுப்பு, கருத்துச் சொல்லாதே. போனில் கூப்பிடாதே. போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு மூச்சு விடக்கூட இடம் கிடைப்பதில்லை. நீ மன்னிப்புக் கேட்கும்வரை நமக்குள் கடிதம் மட்டும்தான்.

கிளெம்

மூனா, ஹோபார்ட்
3 மே 1996

அன்புள்ள தம்பி கிளெமுக்கு,

(நீ 'அன்புள்ள' போடவில்லை. தீவில் மை தட்டுப்பாடு போலிருக்கிறது.)

பெட்டியைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் பட்டறையை விட்டு வெளியே ஓடிப்போய், "என்ன செத்துக் கிடக்கு உள்ள?" என்றார். "ஒண்ணும் சாகலை, என் தம்பி பதினோரு வருஷமா அதுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போயிருக்கான்" என்றேன். குளிர்ந்த தண்ணீரில் எல்லோரும் போவதுதான், நானும் போயிருக்கிறேன். ஆனால் மற்றவர்கள் கரைக்கு வந்ததும் உடுப்பை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுவார்கள். நீ லாரியின் பின்னால் எறிந்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விடுவாய். அது மூன்று நாள் வெயிலில் கிடக்கும், மேலே நாய் படுத்திருக்கும்.

கருத்துச் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். வைத்தியரிடம் வந்துவிட்டு வாயைப் பொத்து என்றால் எப்படி? தோள்பட்டை வெயிலில் காய்ந்து மடித்தால் வெடிக்கிறது. முழங்காலைப் பாறை தின்றுவிட்டது. நெஞ்சில் மீன் குத்தும் துப்பாக்கியின் கட்டையை ஊன்றி அதன் ரப்பரை இழுத்து மாட்டுவாயே, அந்த இடம் வழித்தெடுத்த மாதிரி இருக்கிறது. இடுப்பில், ஆழம் இறங்க நீ கட்டும் ஈயப் பட்டை உட்கார்ந்த தடம் சுற்றிலும் பள்ளமாக ஓடுகிறது. அங்கே ஒரு பக்கம் விரலை வைத்தால் மறுபக்கம் விரல் தெரிகிறது. நான் ஏழு மில்லிமீட்டர் ரப்பரில் வெட்டினேன். இப்போது அதில் பாதி இருந்தால் அதிகம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

சரி, ஒட்டியிருக்கிறேன். நெஞ்சுக்கு உள்ளும் புறமும் பட்டை கொடுத்திருக்கிறேன். அலசி, நாற்றத்தையும் முக்கால்வாசி போக்கிவிட்டேன். ஆனால் இதுதான் கடைசி. கிழிசலை ஒட்டலாம், தேய்ந்ததை ஒட்ட முடியாது. அளவு எடுத்து அனுப்பு, புதிதாக ஒன்று வெட்டித் தருகிறேன்.

மன்னிப்பெல்லாம் கிடையாது. நகம் உள்ளே போனது நகத்தின் குற்றமில்லை.

குளிர்காலம் தொடங்கும் இந்த மே மாதத் தண்ணீரில் உனக்குக் குளிரவே இல்லையா?

உன் அக்கா
வெர்னா

லேடி பேரன்
19 மே 1996

வெர்னா அக்காவுக்கு,

உடுப்பு வந்தது. ஒட்டு நன்றாக இருக்கிறது. நன்றி. (இதைச் சொல்லச் சொன்னது ராஸ்லின்.)

குளிரா? எனக்கா? கரையேறியதும் ராஸ்லின் வெந்நீர்ப் பையை நீட்டுகிறாள், உண்மைதான். அது மனைவியின் அன்பு, அதில் நீ மூக்கை நுழைக்காதே.

புது உடுப்பு எனக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன், கேள். முன்பெல்லாம் முதல் இரண்டு ஆள் ஆழம் இறங்க எனக்கு எவ்வளவு பாடு, நினைவிருக்கிறதா? நீ மேலே மிதந்து என்னைக் காவல் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் ஏறி வந்ததும், "வாத்து மாதிரி பின்பக்கத்தை ஆட்டுறடா" என்று கேலி செய்வாய். அந்த வாத்து செத்துப்போயிற்று. இப்போது தலையைக் கவிழ்த்து ஒரு உதை உதைத்தால் போதும், மிச்சத்தைக் கடலே பார்த்துக்கொள்கிறது. கையைக் காலை ஆட்டாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறேன். அடியில் பாறை ஓரமாகப் படுத்தால் தரையோடு தரையாகக் கிடக்கிறேன். மீன் என்னைக் கல் என்று நினைத்து முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. போன சனிக்கிழமை பெரிய ட்ரம்பெட்டர் மீன் மூன்று. பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம்.

நாற்பத்தாறு வயதில்தான் இந்த வித்தை எனக்குக் கைவந்திருக்கிறது. படகில் இருந்து பார்த்த டட்லியே அசந்துவிட்டான். "கிளெம், நீ எறங்குறதப் பாத்தா நங்கூரம் எறங்குற மாதிரியே இருக்குடா" என்றான். அவன் வாயில் இருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

திரும்பி மேலே வரும்போதுதான் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. அது வயசு.

கிளெம்

மூனா
25 மே 1996

கிளெம்,

கேலியெல்லாம் இல்லை இந்தக் கடிதத்தில். உட்கார்ந்து படி. படித்துவிட்டு இன்னொரு தடவை படி.

உன் கடிதம் வந்ததும் மூன்று தடவை போன் செய்தேன். இரண்டு தடவை நீயே எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மூன்றாவது தடவை ராஸ்லின் எடுத்து, "அண்ணி, அவரு வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். பாவம், அவளுக்குப் பொய் வராது.

நீ எழுதியது வித்தை இல்லை. டட்லி உன்னைப் புகழவும் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான். நங்கூரம்தான் இறங்குகிறது.

புது ரப்பருக்குள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள். குளிரைத் தடுப்பதும் அவைதான், உன்னை மிதக்க வைப்பதும் அவைதான். நீ ஆழத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கடல் அவற்றை நசுக்குகிறது. மேலே வந்தால் அவை மறுபடி உப்பிக்கொள்கின்றன. பதினோரு வருஷம் நசுங்கினால் ஒரு நாள் உப்புவதை நிறுத்திவிடும். நீ இடுப்பில் கட்டுகிற ஈயம் எதற்கு? புது உடுப்பின் மிதப்பைச் சரிக்கட்டத்தான். உடுப்பில் இப்போது மிதப்பே இல்லை. ஈயம் மட்டும் அன்று கட்டியதுதான். நீ வழுக்கிக்கொண்டு போகவில்லை தம்பி, அந்தப் பட்டை உன்னைக் கீழே கொண்டு போகிறது. மேலே வரும்போது மூச்சு வாங்குவது வயசால் இல்லை. அவ்வளவு கனத்தையும் நீ காலால் உதைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறாய்.

வார்விக்கை மறந்துவிட்டாயா? மேலே வந்து, ஒரு மூச்சு விட்டு, அப்படியே கண் செருகி மறுபடி கீழே போனானே. நீ பக்கத்தில் இருந்ததால் தலைமுடியைப் பிடித்து இழுத்தாய், இன்று அவன் பேரப்பிள்ளை பார்த்துவிட்டான். உனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நான் இங்கே வந்துவிட்டேன். டட்லி படகில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு உன்னைப் பார்க்கிறானா, மேகத்தைப் பார்க்கிறானா? பிடித்து இழுக்க உன் தலையில் முடியும் இல்லை.

கரை ஓரத் தண்ணீரிலேயே ஒரு சோதனை செய். உடுப்பு, பட்டை எல்லாவற்றோடும் நேராக மித. மூச்சை முழுக்க வெளியே விடு. தண்ணீர் உன் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். தலைக்கு மேலே போனால் உன் ஈயம் அதிகம். குறைந்தது இரண்டு கட்டி கழற்று.

எனக்குப் பயமாக இருக்கிறது கிளெம். சிரிக்காதே. நேற்று கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே என்ன வெட்ட வந்தேன் என்பதை மறந்து நின்றேன்.

மன்னிப்புத்தானே வேண்டும்? இதோ. ஈஸ்டர் அன்று ஊர் பார்க்க உன் உடுப்பில் நகத்தை இறக்கியது தப்பு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. இதற்குப் பதிலாக எனக்கு இரண்டு கட்டி ஈயம் கொடு.

வெர்னா

லேடி பேரன்
8 ஜூன் 1996

அன்புள்ள அக்கா,

மன்னிப்பு வந்து சேர்ந்தது. ஏற்றுக்கொண்டேன். ராஸ்லினிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன், டட்லியிடமும் காட்டினேன். கடைக்காரிக்கு விஷயம் தானாகப் போய்விட்டது. சந்தோஷத்தில் உனக்கு ஒரு வாளி உப்புப் போட்ட மட்டன்பறவைக் கறியை விமானக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் வீட்டுக்காரரை இரண்டு நாள் வேறெங்காவது தங்கச் சொல், அந்த வாசனையும் அவருக்கு ஆகாது.

ஆனால் ஈய விஷயத்தில் நீ எல்லை தாண்டிவிட்டாய். இந்தத் தீவில் ஒருவனுடைய ஆட்டைப் பற்றிப் பேசலாம், அவன் படகைப் பற்றிப் பேசலாம், அவன் மனைவி செய்யும் கேக்கைப் பற்றிக்கூடப் பேசிவிட்டு உயிரோடு வீடு போகலாம். அவன் ஈயப் பட்டையில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை. என் பட்டையில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நம் அப்பாகூட எனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு கட்டியும் நானே காய்ச்சி ஊற்றியது. அதை ஹோபார்ட்டில் உட்கார்ந்துகொண்டு கழற்றச் சொல்கிறாய். கழற்றவில்லை. கழற்றவும் மாட்டேன்.

புது உடுப்பு வேண்டுமானால் வெட்டிக்கொள், உன் கை சும்மா இருக்காது என்று தெரியும். இடுப்பு முப்பத்து நாலு அங்குலம், கல்யாணத்தன்று இருந்த அதே அளவு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கிறது. ராஸ்லின் அடுப்படிக் கதவுக்கு ஒரு முட்டுக் கொடுத்திருக்கிறாள், அதனால் கதவு இப்போது படார் படார் என்று அடிப்பதில்லை. நிம்மதியாகத் தூங்குகிறோம். முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது. இறங்கும்போது முன்னைவிட நாலு உதை கூடுதலாக உதைக்க வேண்டியிருக்கிறது. குளிர்காலம் அல்லவா.

உன் தம்பி
கிளெம்

மூனா
14 ஜூலை 1996

அன்புள்ள கிளெம்,

பிடித்த முயலுக்கு மூணே கால். உன்னோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. சின்ன வயதில் ஒரு சீப்புக்காக நீ இரண்டு நாள் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவன், ஈயத்துக்காக எவ்வளவு நாள் உட்காருவாய் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் உன்னை மாற்றுவதை விட்டுவிட்டு உடுப்பை மாற்றிவிட்டேன். இதோ அனுப்பியிருக்கிறேன். முன்பு வெட்டிய அதே ரகம், அதே ஏழு மில்லிமீட்டர். நெஞ்சுக்கு இரட்டைப் பட்டை, முழங்காலுக்குத் தடித்த துணி. இடுப்பு முப்பத்து நாலு என்று எழுதியிருந்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். ராஸ்லின் நீ தூங்கும்போது டேப் வைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை, தபால்காரர்கள் படித்துவிடுவார்கள். உடுப்பு சரியாகப் பிடிக்கும்.

போடும்போது உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டுக்கொள். நகத்தால் இழுக்காதே, உள்ளங்கையால் தள்ளு. (நகத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லைதான்.) வந்ததும் அலசு. நாய்க்கு வேறு படுக்கை வாங்கிக் கொடு.

ஈயம் பற்றி ஒரே ஒரு வார்த்தை, சண்டை இல்லை. உன் பட்டை இந்தக் கனத்துப் புது ரப்பருக்காகக் கட்டியது. நீதான் ஒன்றையும் கழற்றவில்லையே. அதனால் எதையும் மாற்ற வேண்டாம், பட்டையை அப்படியே கட்டிக்கொண்டு இறங்கு. இனிமேல் ஈயமும் உடுப்பும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும். நானும் தூங்குவேன்.

மட்டன்பறவை நன்றாக இருந்தது. முழுவதையும் நானே தின்றேன்.

உன் அக்கா
வெர்னா

லேடி பேரன்
27 ஜூலை 1996

வெர்னா அக்காவுக்கு,

('அன்புள்ள' வேண்டுமென்றேதான் போடவில்லை.)

நீ என்ன ரப்பரை வெட்டி அனுப்பினாய்? பாட்டில் மூடி செய்கிற ரப்பரா?

இன்று சனிக்கிழமை. சரக்குக் கப்பலுக்காகப் படகுத்துறையில் ஊரே நிற்கிறது. நான் புது உடுப்போடு போய் நின்றேன். அளவு கச்சிதம், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. கடைக்காரிகூட, "ஆளே மாறிட்டீங்களே கிளெம்" என்றாள். நீ எழுதியபடியே பட்டையைக் கட்டிக்கொண்டேன். ஒன்றையும் மாற்றவில்லை. மூச்சை இழுத்தேன், தலையைக் கவிழ்த்தேன், உதைத்தேன்.

போகவில்லை. என் தலை தண்ணீருக்குள், பின்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே. மறுபடி உதைத்தேன். கால் காற்றில் அடிக்கிறது. ஆறேழு தடவை முயன்றேன். ஒரு ஆள் ஆழம்கூடப் போக முடியவில்லை, போன வேகத்தில் மேலே வந்து விழுகிறேன். கடைசியில் மல்லாந்து கிடந்தேன். ஒரு கடற்காகம் வந்து என் வயிற்றில் உட்காரலாமா என்று யோசித்தது.

டட்லி மேலே நின்று கத்துகிறான்: "அசையாதடா கிளெம்! கப்பல் உன்னைச் சுத்திக்கிட்டுப் போகட்டும், மிதவைக்கு மிதவையாச்சு!" கடைக்காரி சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ராஸ்லினும் சிரித்தாள். என் சொந்த மனைவி.

ஈஸ்டருக்கு என் உடுப்பைக் கிழித்தாய், இப்போது என் மானத்தைக் கிழித்துவிட்டாய். உன் தொழில் உனக்கு மறந்துவிட்டது. இதை என்ன செய்வது என்று எழுது.

கிளெம்

மூனா
2 ஆகஸ்ட் 1996

என் அன்புத் தம்பி கிளெம்,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரப்பர் சரியாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். கடற்காகம் வந்த இடத்தில் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு 'ஒன்றையும் மாற்றவில்லை' என்ற வரிக்குத் திரும்பப் போனேன். அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. பழைய ஈயம் முழுதும் இடுப்பில் இருந்திருந்தால் நீ சுகமாக இறங்கியிருப்பாயே. ஏன் மிதந்தாய்?

ஜூன் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நாலு உதை கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அடுப்படிக் கதவு அடிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். ராஸ்லின் அந்தக் கதவுக்கு எதை முட்டுக் கொடுத்தாள் கிளெம்?

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "தம்பிக்கு என்னாச்சு?" என்றார். "அவன் நான் சொன்னதக் கேட்டிருக்கான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்காக ஏன் அழ வேண்டும் என்றார். அவருக்கு உன்னைத் தெரியாது.

ஏழு வாரம் நான் எப்படிப் படுத்தேன், எப்படி எழுந்தேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. நீ சொல்லியிருக்கலாம், மடையா. ஒரு வரி போதும். ஆனால் நீ கழற்றினாய். மரத்தில் இருந்து யாரும் பார்க்காதபோது இறங்கிவிட்டு, இன்னும் மேலேதான் இருப்பதாக எழுதிக்கொண்டிருந்தாய். எனக்கு இதுவே போதும்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு கட்டியை மட்டும் திருப்பிச் சேர். கரை ஓரமாக, ஊர் இல்லாத நேரத்தில். மூச்சை விட்டுப் பார், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று. போதவில்லை என்றால் இரண்டாவதையும் சேர்த்து மறுபடி மூச்சை விட்டுப் பார். அதற்கும் தலை வெளியே தெரிந்தால், மிச்சம் ரப்பரின் மிதப்பு இல்லை, உன் தொப்பையின் மிதப்பு. அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் அக்கா
வெர்னா

லேடி பேரன்
11 ஆகஸ்ட் 1996

அன்புள்ள வெர்னா அக்கா,

ஒன்று போதவில்லை. இரண்டாவதையும் சேர்த்தேன். மூச்சை விட்டால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்கிறது, நீ சொன்ன மாதிரியே. கைகால் விரல்களெல்லாம் கடைசிவரை சூடாக இருக்கின்றன. இப்படி இருக்கும் என்பதையே மறந்துவிட்டிருந்தேன். மேலே வரும்போது மூச்சும் வாங்கவில்லை. டட்லியைப் படகைவிட்டு இறக்கிவிட்டேன், நான் கீழே போனால் மேலே மிதந்து என்னைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பழைய உடுப்பு நாய்க்குப் போயிற்று. அதற்கு அந்த வாசனை பிடித்திருக்கிறது.

ட்ரம்பெட்டர் இரண்டு விமானத்தில் வருகிறது. போன் செய். எடுப்பேன். ராத்திரியில் செய்தாலும் விழித்துத்தான் இருப்போம்.

அடுப்படிக் கதவு மறுபடி அடிக்கிறது.

உன் தம்பி
கிளெம்